பதினோராவது பேர்

ஞாயிறு பூசை முடிந்ததும் லிடியா வீட்டுக்குப் போகவில்லை. நேராக சேக் பரீதின் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு இறுதிப் போட்டி. தோழியின் கல்யாணத்துக்கு அவள் வத்தலக்குண்டு போய்விட்டதால் முடிவு தெரியாது. ஜெயித்திருப்போம் என்றுதான் நினைத்தாள்.

41–78. தோல்வி.

இன்டர்நெட்டில் நடக்கிற கல்லூரிக் கூடைப்பந்து விளையாட்டு அது. ஆளுக்கொரு அணி. பன்னிரண்டு பேரைச் சேர்த்து, யார் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று வரிசை போட்டுவிட்டால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். 2006-இல் திண்டுக்கல்லில் அதை ஆடியவர்கள் பன்னிரண்டு பேர். லிடியாவைத் தவிர எல்லாரும் பையன்கள். எதிரணிக்காரன் பிரின்ஸ், கூடைக்குள் எறிகிறவர்களாகவே பார்த்து அடைத்து வைத்திருந்தான். லிடியா உயரத்துக்கு, மறிப்பதற்கு, பந்தைப் பிரித்துக் கொடுப்பதற்கு என்று அளந்து சேர்த்தாள். கடைசி வருடத்துக்காரர்கள் மொத்தமாகப் படிப்பை முடித்துப் போனால் அணி காலி என்பதால், முதல் வருடம் தொடங்கிக் கடைசி வருடம் வரை வருடத்துக்கு மூன்று பேராகச் சேர்த்திருந்தாள். எட்டு மாத உழைப்பு. “பொம்பளப் பிள்ள டீமு” என்று சிரித்த பதினோரு வாயையும் நேற்றோடு அடைத்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரப் பேர்கள் வாயில் நுழையவில்லை என்று ஆட்டக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பேரை வைத்ததுதான் அவள் செய்த ஒரே தப்பு.

பட்டியலைத் திறந்தாள். முதல் வரியில் பாஸ்கல் பெரியப்பா! மூச்சு தாங்காத நெட்டை, முதல் வருடத்து ஆள். அவள் அவரைப் பதினோராவதாகத்தான் போட்டிருந்தாள். அவர் இறங்கி, பதினோரு நிமிடத்தில் ஐந்து ஃபவுல் செய்து வெளியேறியிருக்கிறார். புஷ்பமேரி அத்தைக்கு நேராகப் பூஜ்ஜியம் நிமிடம். அத்தைதான் அணிக்கு அச்சாணி. விசேஷ வீட்டில் யார் இலையில் எது குறைகிறது என்று நிமிராமலே தெரிந்து பரிமாறுகிறவள் என்பதால்தான், பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆளுக்கு அந்தப் பேரை வைத்திருந்தாள்.

லிடியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பாஸ்வேர்டு தெரிந்தவன் தம்பி டோனி ஒருவன்தான்.

வீட்டில் பெரியப்பா, சேவுகம்பட்டியிலிருந்து முந்தின நாளே வந்தவர், நாற்காலியில் சாய்ந்திருந்தார். அடுப்படியில் அத்தை கோழி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏலே டோனி, என் டீமை ஏன்டா தொட்ட?”

“அப்பாதான்க்கா மாத்தச் சொன்னாரு. செவுத்துல நீ ஒட்டுன டீமு லிஸ்ட்டைப் பாத்துட்டு நேத்துப் பெரியப்பா சாப்பிடாம எந்திரிச்சிட்டாரு.”

“பதினொன்னாவதா எம்பேரு? குடும்பத்துக்கு மூத்தவன் நானு!” என்றார் பெரியப்பா. கல்யாணப் பத்திரிகையில் பேர் மூன்றாவதாக வந்ததற்காகச் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கே போகாத மனிதர்.

“இது பத்திரிகை இல்ல பெரியப்பா, டீமு! அஞ்சு ஃபவுல் பண்ணி வெளிய வந்துட்டீக. இப்ப எங்க போச்சு உங்க மரியாதை?”

“நான் எங்கடி பண்ணேன்?”

“ஒரு வெளையாட்டுக்கா இம்புட்டுச் சத்தம்? பெரியவுககிட்ட மன்னிப்புக் கேளு” என்றார் அப்பா.

‘வெளையாட்டு’ என்ற சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “வெளையாட்டுன்னா எதுக்குப்பா மாத்தச் சொன்னீக? எட்டு மாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? என் டீமுல மொத ஆளு அத்தைதான். எல்லாருக்கும் பந்து எடுத்துக் குடுத்தவுக. அவுகள ஒரு நிமிஷம்கூட எறக்கல!”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அத்தை வாசல்படிக்கு வந்தாள்.

“நான் மொத ஆளா?”

“ஆமா அத்தை.”

“அப்புறம் என்னைய ஏன்டா ஒக்கார வச்சீக?”

டோனி தலையைச் சொறிந்தான். “பத்திரிகையில போடுற மாதிரிதான் போட்டேன் அத்தை. ஆம்பளைக மூத்தவுகல்லாம் முன்னால…”

அத்தை அடுப்படிக்குத் திரும்பினாள். கரண்டியைக் கொண்டுவந்து பெரியப்பாவின் கையில் கொடுத்தாள். லிடியாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கோழி அடுப்புல கெடக்குண்ணே. மூத்தவுக நீங்கதான, எறங்குங்க. நான் பெஞ்சுல இருக்கேன்.”