நலமாக இருப்பவர்களிடமிருந்து மட்டும்

எஸ்கில் வெள்ளைப் பெட்டியை மேசைமேல் வைத்தபோது, செவிலி மைகென் கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"இந்த மழையிலயும் சரக்கு வந்துருச்சே."

"சைக்கிள்லதான் வந்தேன். இன்னும் சூடு ஆறியிருக்காது."

காலையில் வீட்டில் கழித்த மலத்தை ஆறுவதற்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். உள்ளே அதைக் கரைத்து, வடிகட்டி, உறையவைப்பார்கள். கிருமிக்கொல்லி மருந்துகள் தின்று குடல் பாழாகி, எத்தனை வைத்தியத்துக்கும் அடங்காமல் வயிறு போய்க்கொண்டே இருக்கும் யாரோ ஒருவருக்கு அது ஒருநாள் மாத்திரை உறையிலோ குழாய் வழியோ போய்ச் சேரும். யாருக்கென்று எஸ்கிலுக்குச் சொல்லமாட்டார்கள்.

அவருடைய மனைவி பிர்த்தேவுக்கும் அப்படித்தான் யாரோ கொடுத்தார்கள். நுரையீரல் சளிக்காகச் சாப்பிட்ட மருந்து அவளுடைய வயிற்றைக் குலைத்துப்போட்டது. ஒரு கோடை முழுக்க எஸ்கில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட்டார். வாசலுக்குப் போகவே பயந்த பிர்த்தே, சன்னலோரம் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் இந்தச் சிகிச்சையைச் சொன்னதும் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். "கட்டினவனால ஆகல. இனி எவன் பீயாவது காப்பாத்தட்டும்." காப்பாற்றத்தான் செய்தது. வாரம் திரும்புவதற்குள் ரை ரொட்டியும் ஊறவைத்த மீனும் கேட்டுச் சாப்பிட்டாள். அந்த இலையுதிர்காலத்திலேயே எஸ்கில் கொடையாளராகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். பிறகு மூன்று வருடம் நன்றாக இருந்தாள். போன பிப்ரவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவள் பனிவாரியைப் பிடித்தபடியே சரிந்தாள், பிறகு எழவில்லை. இதயம் என்றார்கள்.

"காய்ச்சல், பல்வலி ஏதாவது? புதுசா மாத்திரை?" மைகென் வழக்கம்போலக் கேட்டாள்.

"எந்த மாத்திரையும் சாப்பிடல."

அது உண்மை. குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்த மனச்சோர்வு மாத்திரை சமையலறை இழுப்பறையில் பிரிக்காமலே கிடந்தது. விழுங்காதவரைக்கும் இந்தக் கேள்விக்கு அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை.

"தூக்கம், மனசெல்லாம்?"

"நல்லா இருக்கேன்."

மைகென் பெட்டியோடு உள்ளே போனாள். எஸ்கில் நடைக்கூடத்துக்கு வந்தார். போன வாரம், அவர் வேலை பார்க்கும் நீச்சல் குளத்தில் தரையைக் கழுவத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குழாயும் கையுமாக நின்றவர், உடைமாற்றும் அறைவரை தண்ணீர் போனதைக்கூட கவனிக்கவில்லை. கூட வேலை செய்பவன் வந்து குழாயை மூடினான். ஒன்றும் சொல்லாமல் போனான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

எதிர் நாற்காலியில் ஒரு பெண் குளிர்ச்சட்டைக்குள் காணாமல் போனவள்போல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன். மடியில் இருந்த பையில் என்ன இருக்கும் என்று எஸ்கிலுக்குத் தெரியும். மாற்று உடுப்பு, துண்டு. பெண்ணைப் பெயர் சொல்லி உள்ளே அழைத்தார்கள். கதவு மூடியதும் அந்த ஆள் எஸ்கிலைப் பார்த்தார்.

"அடுத்தவங்களோடத உள்ள வைக்கறாங்களாம். கேள்விப்பட்டிருக்கீங்களா? இது கேக்குமான்னே தெரியல."

"என் மனைவிக்குக் கேட்டுச்சு."

அந்த முகம் விளக்கு போட்டதுபோல் மாறியது. "அப்படியா? இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா" என்றார் எஸ்கில்.

சொன்ன வாய் மூடுமுன்பே அவருக்கு உறைத்தது. சற்றுமுன் மைகெனிடம் சொன்ன அதே சொல், அதே குரல். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஸ்கில் எழுந்து திரும்பப் போனார். மைகென் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அத எடுக்காதீங்க மைகென்."

"ஏன்?"

"நான் நல்லா இல்ல. தூங்கறதே இல்ல. மனச்சோர்வுக்கு டாக்டர் குடுத்த மாத்திரையப் பிரிக்கவே இல்ல. காலையில எந்திரிக்கறதே இந்தப் பெட்டிக்காகத்தான்."

அவள் கதவைச் சாத்தினாள். "எப்பலேர்ந்து?"

"அவ போனதுலேர்ந்து."

மைகென் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மனசும் வயிறும் எப்படிப் பேசிக்குதுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது எஸ்கில். தெரியாதத இன்னொருத்தர் உடம்புல வைக்கக் கூடாதுன்னுதானே ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"உள்ள இருக்கற என்னோடதையெல்லாம் தூக்கிப் போட்டுருவீங்களா?"

"ஆமா. டாக்டர்கிட்டயும் சொல்லியாகணும்."

"யாருக்காவது போயிருக்கா?"

"இந்த வருஷத்துல ரெண்டு பேருக்குப் போச்சு. ரெண்டு பேருக்கும் வயிறு சரியாயிருச்சு."

எஸ்கில் தொப்பியைக் கையில் திருகினார். "அவங்க அழறாங்களா?"

மைகென் கழற்றிய கையுறையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"தெரியல. வயித்தப் பத்தித்தான் கேட்டோம். இனிமே அதையும் கேப்போம்." பிறகு அவர் தோளைத் தொட்டாள். "போய் அந்த மாத்திரையச் சாப்பிடுங்க. இங்க வரணும்னா சும்மா வாங்க. காப்பி குடுக்கறேன்."

வெளியே அந்த ஆள் இன்னும் தனியாகத்தான் இருந்தார். பையைத் தரையில் வைத்துவிட்டு, காகிதத்தைப் பிரித்து ஈரல் விழுது தடவிய ரொட்டியை எடுத்திருந்தார். எஸ்கில் போகாமல் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முன்ன சரியாச் சொல்லல நான். வயிறு சரியாத்தான் ஆச்சு. மூணு வருஷம் ஆசைப்பட்டதெல்லாம் சாப்பிட்டா. தோட்டம் போட்டா, ஊருக்கெல்லாம் போயிட்டு வந்தா. பிப்ரவரில இறந்துட்டா. அது இதயம். இதனால இல்ல."

அந்த ஆள் மூடிய கதவைப் பார்த்தார். "மூணு வருஷம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை எஸ்கிலிடம் நீட்டினார். கொடைக்காக இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட எஸ்கில், அது எந்த மாவு, என்ன கொழுப்பு என்று பார்க்காமல் வாங்கி வாயில் போட்டார். இருவரும் கதவைப் பார்த்தபடி மெதுவாக மென்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மடியில் துணுக்குகள் உதிர்ந்துகொண்டிருந்தன.