அல்பேட் இறந்த வருடம்

கதவு தட்டப்பட்டபோது அல்பேட் மூன்றாவது இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார். நான்கு வருடங்களுக்கு முன், 2021 இல், நகரின் இன்னொரு மூலையான மில்லிக்கனில் இன்னொருத்தியோடு குடியேறிய மனுசன், இன்றுதான் வோபர்னில் ஒன்பதாம் மாடியிலுள்ள பழைய வீட்டுக்குள் திரும்பக் காலை வைத்திருக்கிறார். அங்கே சரிவரவில்லையாம். திரும்பி வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. வாருங்கள் என்று மனைவி கிளடிஸும் சொல்லவில்லை. ஆனால் மீன் பொரித்திருந்தாள். அம்மா யாருக்கும் சும்மா மீன் பொரிக்கிற ஆள் இல்லை என்பது மகன் றொய்சனுக்குத் தெரியும்.

வாசலில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டியுமாக வீடு வீடாகப் பிரசங்கிக்கிற மொர்மன் சபைப் பொடியங்கள் இரண்டு பேர். திறந்த கதவை றொய்சன் பாதி சாத்தப் பார்த்தான்.

அவன் கல்லூரிப் பத்திரிகையில் நக்கல் பத்தி எழுதுகிறவன். தாய் வேலைக்குப் போன நேரங்களில் இரண்டு மாதமாக இவர்களைக் கூப்பிட்டு இருத்தியதே பத்திக்காகத்தான். பத்தொன்பது வயதில் ‘எல்டர்’, அதாவது மூப்பர், என்று பட்டம் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைத் தொடாத மனிதர்கள் லேசில் கிடைப்பார்களா? எல்டர் ஹோல்டன் கதையை அடியிலிருந்து சொன்னான். இருநூறு வருடங்களுக்கு முன் நியூயோர்க் பக்கத்தில் ஜோசப் ஸ்மித் என்ற பதினாலு வயதுக் கமக்காரப் பொடியன், எந்தச் சபை உண்மையானது என்று கேட்டுக் காட்டுக்குள் முழங்காலில் நின்றான். கடவுளும் யேசுவும் தோன்றி, ஒன்றிலும் சேராதே என்றார்கள். பிறகு ஒரு தேவதூதன் குன்றில் புதைந்திருந்த பொன் தகடுகளைக் காட்டினான். அவற்றை மொழிபெயர்த்ததுதான் மொர்மன் புத்தகம். தகடுகள் இப்போது எங்கே என்று றொய்சன் கேட்டான். தூதன் திருப்பி வாங்கிக்கொண்டான் என்றான் ஹோல்டன், கண் வெட்டாமல். எங்கள் நூலகத்தைவிட ஒழுங்கு என்று றொய்சன் குறித்துக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். குடும்பம் சாவோடு முடிவதில்லை, ஆலயத்தில் சடங்கு செய்து முத்திரையிட்டால் என்றென்றைக்கும் சேர்ந்திருக்கும், தங்கள் ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர் தண்ணீரில் இறங்கலாம், ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பம் என்று ஹோல்டன் சொன்னபோது பத்திக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. அப்பா செத்துவிட்டார் என்றான் றொய்சன். விட்டுப் போய்விட்டார் என்பதைவிட அது வாய்க்கு லேசாகவும் இருந்தது. ஹோல்டன் அழுதுவிட்டான். அந்தக் கண்ணீருக்குப் பிறகு றொய்சனால் பத்தியை எழுத முடியவில்லை. பொய்யைத் திருத்தவும் முடியவில்லை.

ஹோல்டனுக்கு நாளை வேறு ஊருக்கு மாற்றமாம். விடைபெற வந்திருக்கிறான். விசயம் தெரியாத கிளடிஸ் இரண்டு பேரையும் மேசைக்குக் கூப்பிட்டாள். ஹோல்டன் அழகாக அச்சடித்த குடும்ப மரமொன்றைப் பரிசாக விரித்தான். அல்பேட் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து தன் பெயரைத் தேடிப் பிடித்தார். பிறப்பு 1968. இறப்பு 2021.

“உது நானல்லோ?” என்றவர், ஆங்கிலத்திலும் அதையே சொன்னார். ஹோல்டனின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது.

“ஆர் குடுத்தது உந்த வருசம்?”

“நான்தான், அப்பா.”

“என்னெண்டு செத்தனான்?”

“ஹார்ட் அட்டாக்.”

“கனக்கக் கஷ்ரப்பட்டனானோ?”

“இல்லை. நித்திரையில.”

“அது காணும்,” என்றார் அல்பேட்.

“பகிடிக்குத்தான் அப்பா சொன்னனான்...”

“ஒருத்தருக்கும் சிரிப்பு வரேல்லையேடா,” என்றாள் கிளடிஸ்.

ஹோல்டன் மன்னிப்புக் கேட்டபடி பேனையை நீட்டினான். அல்பேட் அதை வாங்கி, 2021 இன் மேல் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“வெட்டட்டோ?”

கிளடிஸ் மீன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “வருசம் பிழையில்லையே,” என்றாள்.

அவர் பேனையை மேசையில் வைத்தார். கை கழுவினார். ஜாக்கெட்டை மாட்டினார். இருங்கோ அப்பா என்பது இரண்டே சொல்தான். யாரைப் பற்றியும் நானூறு சொல் எழுதக்கூடிய றொய்சன், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஹோல்டனும் மற்றவனும் தலையைக் குனிந்தபடி அவருக்குப் பின்னால் போனார்கள்.

றொய்சன் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். கீழே பஸ் தரிப்பில் மூன்று பேரும் நின்றார்கள். பனி தூறத் தொடங்கியிருந்தது. ஹோல்டன் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றிக் கொடுக்க, அல்பேட் மறுக்காமல் வாங்கிச் சுற்றிக்கொண்டார். பிறகு திரும்பி, கட்டடத்தைக் காட்டி அவர்களிடம் ஏதோ சொன்னார். அவருடைய விரல் ஜன்னல் ஜன்னலாக ஏறி வந்து, றொய்சன் நின்ற ஜன்னலுக்கு இரண்டு மாடி கீழேயே நின்றுவிட்டது. அங்கே பல்கனியில் யாரோ எடுக்க மறந்த சிவப்புத் துவாய் தொங்கியது. அதைப் பார்த்து அவர் கையசைத்தார். ஒன்பதாம் மாடியில் றொய்சனும் கையசைத்தான்.