ஸ்காட்லாந்துக்கு நாங்கள் அளித்த விடுதலை

பர்மாவில், எங்கள் பசுந்தாங் தமிழ் வாசகசாலைக்கு மாத வாடகை முப்பது ரூபாய். அதைக் கொடுத்துவந்தவர் ஓடைக்கரை அரிசி ஆலையின் முதலாளியாகிய மக்கெல்லர் துரை. அவர் கொடாவிடில் வாசகசாலை இல்லை. அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: எங்கள் விவாதங்களில் இந்தியச் சுயராஜ்யமும் இந்தியாவை விட்டுப் பர்மா பிரிவதும் தலைகாட்டலாகாது. ஆகவே, வெள்ளிதோறும் பிற தேசத்தார் குறைகளையே பேசித் தீர்த்துவந்தோம்.

1928-ஆம் ஆண்டு நவம்பரில், துரையே விவாதம் கேட்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ஆலையின் தலைமைக் குமாஸ்தாவும் எங்கள் காரியதரிசியுமான ராஜரத்தினம் சபைத் தலைவனாகிய என்னிடம் ஓடிவந்தார்.

“வாத்தியாரையா, துரை ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலாந்தை விட்டு அவர் தேசம் பிரிய வேண்டுமென்று நாம் தீர்ப்புச் சொன்னால் மனிதர் உருகிப்போவார். வாடகையோடு இரண்டு அலமாரியும் கேட்டுவிடலாம்.”

“அவர் பிரிவினைக் கட்சி என்று உமக்கு யார் சொன்னார்?”

“சொந்த நாட்டுக்கு விடுதலை வேண்டாமென்பவன் உண்டா, ஐயா?”

முப்பத்தோராண்டு பிரம்பு பிடித்த நான் அந்த வாதத்தில் ஓட்டை காணவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

எதிர்த்துப் பேச எவரும் இசையவில்லை. கைலிக் கடை அப்துல் சமது சாகிபை வற்புறுத்தி, ஒப்புக்கு நிறுத்தினோம்.

ராஜரத்தினம் முழங்கினார்: “ஸ்காட்லாந்தின் வரிப்பணம் லண்டன் கஜானாவுக்குப் போகிறது. திரும்பி வருவதோ பிச்சை! பிறர் பணத்தில் பிழைப்பவனுக்கு மானம் ஏது?” கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

சாகிபு எழுந்தார். “பிரிஞ்சு போறவங்க, கிழவங்களுக்குப் பென்ஷன் யார் கொடுப்பாங்க, யுத்தக் கடன்ல எத்தனை பங்கு தலையில ஏத்துக்குவாங்கன்னு சொல்லட்டும். கணக்கைக் காட்டாம கொடியைக் காட்டினா...”

ஒப்புக்கு நின்றவர் உண்மையாகவே வாதாடுவது முறையன்று. மணியடித்தேன்.

“மூணு நிமிஷங்கூட ஆகலையே, வாத்தியாரே!”

“உமது நேரம் முடிந்தது, பாய். உட்காரும்.”

ஸ்காட்லாந்து அன்றே பிரிய வேண்டுமெனத் தீர்ப்பளித்தேன். துரையின் முகம் சிவந்திருந்தது. ஆனந்தம் என்று எண்ணினோம். தமிழ் கேட்டால் அவருக்குப் புரியும், பேச வராது; எழுந்து நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். மொழிபெயர்க்க நின்ற ராஜரத்தினத்துக்கு வியர்த்தது.

“துரை... சாகிபு சொன்னதே சரி என்கிறார்.”

“அப்புறம்?” என்றது சபை.

“அவருடைய அண்ணன் லண்டன் கஜானாவிலேதான் உத்தியோகமாம்.”

“அப்புறம்?”

“பிறர் பணத்தில் பிழைப்பது மானக்கேடு என்று நாம் சொன்னதை மட்டும் மெச்சுகிறாராம். அடுத்த மாதம் முதல் நம் மானத்தைக் கெடுக்கமாட்டாராம்.”

மறுநாளே நகர நடுவே கியாக்டடாவிலுள்ள அவர் அலுவலகத்துக்குச் சென்று, ஸ்காட்லாந்தை இங்கிலாந்தோடு மீண்டும் சேர்த்து, பிழையற்ற ஆங்கிலத்தில் ஐந்து பக்க விண்ணப்பம் கொடுத்தேன். இன்றுவரை பதிலில்லை.

வாசகசாலை இப்போது சமது சாகிபின் கடைப் பின்னறையில் நடக்கிறது. நாங்கள் கைலிக் கட்டுகளின்மேல் அமர்கிறோம். உள்ள நாற்காலி ஒன்றே. அதில் அவர் அமர்கிறார். தலைவன் நானே என்று மும்முறை எடுத்துரைத்துவிட்டேன்.

“வாடகை கொடுங்க, எந்திரிச்சுடறேன், வாத்தியாரே” என்கிறார்.