திறக்காத நாலாம் மாடிக் கதவு

கிரிஹாதா பிலிம்ஸின் வரலாற்றை இணையதளத்துக்கு எழுதிக் கொடுக்கும் வேலை சிஸுரு குரோனுமாவிடம் வந்தபோது, பத்து வருடத்தை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: ‘இடையில் சில காலம் பல்லூடகத் துறையிலும் ஈடுபட்டோம்.’

அந்தச் சில காலத்தில் கம்பெனி பதினொரு வீடியோ கேம்களை வெளியிட்டது. பத்தை ஊர் மறந்துவிட்டது. மறக்காமல் போனது ‘உடோன் நரி’. கிண்ணத்தில் சூடான உடோன் நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு, குழம்பு சிந்தாமல் ஒரு நரி ஒன்பது மாடிக் கோபுரம் ஏற வேண்டும். நாலாம் மாடியில் ஒரு சிவப்புக் கதவு. அது திறக்காது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும், எத்தனை நாணயம் சேர்த்தாலும் திறக்காது. ஜப்பான் முழுக்க ஒரு தலைமுறையே அந்தக் கதவின் முன்னால் நின்று அழுதது.

கேம் வியாபாரம் படுத்த பிறகுதான் பெரிய முதலாளிக்குக் கலைமேல் பக்தி வந்தது. யாரும் சீண்டாத ஐரோப்பியப் படங்களை மலிவாக வாங்கிச் சின்னத் தியேட்டர்களில் ஓட்டினார். மகன் காலத்தில் அந்த மலிவே மரியாதையாகிவிட்டது. விமர்சகர்கள் ‘கிரிஹாதா கொண்டுவந்தால் பார்க்கலாம்’ என்று எழுதினார்கள். விளம்பரப் பிரிவின் தலைவியான சிஸுருவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்காகத்தான் இருபது வருடமாக நரியை மூடி மறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ‘கழுதைகள் உறங்கும் பள்ளத்தாக்கு’ என்ற ஜார்ஜியப் படத்துக்கு ஜப்பானில் போட்டி. மூன்றே கால் மணி நேரப் படம். மூன்று பெரிய கம்பெனிகள் கேட்டிருந்தன. இயக்குநர் ஓத்தார் பெரிட்ஸே கிரிஹாதாவுக்குத்தான் கொடுத்தார். தான் பிரெஞ்சில் எழுதிய நான்கு பக்கக் கடிதம்தான் அவர் மனதைத் தொட்டது என்று சிஸுரு நம்பினாள். ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி மட்டுமே அதில் ஒரு பக்கம் இருந்தது.

முதல் காட்சிக்காக ஓத்தார் டோக்கியோ வந்தார். தாடி வைத்த ஆஜானுபாகு. ஜிம்போச்சோ அலுவலகத்தில் நுழைந்ததும் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த போஸ்டர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“நரி எங்கே?” என்றார் பிரெஞ்சில்.

சிஸுரு சிரித்து மழுப்பினாள். “எந்த நரி?”

“உங்க கடிதத்தாள்ல இருந்த முத்திரை. ரெட்டை மலை. நரி விளையாட்டு தொடங்கும்போது திரையில வர்ற அதே மலை. அதைப் பார்த்ததும் எனக்கு மயிரெல்லாம் சிலிர்த்துப் போச்சு. கடிதத்தைக்கூட நான் முழுசாப் படிக்கலை, மன்னிச்சுக்கோங்க.”

பிறகு சொன்னார். ஜார்ஜியாவின் குத்தாயிசி ஊரில் அவர் பையனாக இருந்த நாட்களில் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் கரண்ட். சந்தையில் வாங்கிய திருட்டுக் கேசட்டில் அந்த விளையாட்டு. ஜப்பானிய எழுத்து ஒன்றும் புரியாது. இரண்டு வருடம் சிவப்புக் கதவை முட்டியிருக்கிறார்.

“ஒருநாள் புரிஞ்சுது. இந்தக் கதவு திறக்கிறதுக்கு இல்ல. முன்னாடி நிக்கிறதுக்கு. என் படம் எல்லாமே அந்தக் கதவுதான். அதைச் செஞ்ச மகானை நான் பார்க்கணும். மேடையில எல்லார் முன்னாடியும் அவர் கையைப் பிடிக்கணும்.”

மகான் அடுத்த அறையில் போஸ்டர்களைச் சுருட்டித் தியேட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊஷியோவுக்கு அறுபத்தொரு வயது. ஓய்வு பெற்ற பிறகு ஒப்பந்தத்தில் தொடர்பவர். சிஸுரு விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த போஸ்டர் தானாக விரிந்துகொண்டது.

“அது கோளாறும்மா. புத்தாண்டு விற்பனைக்கு அனுப்பியாகணும்னு பெரியவர் கழுத்துல உக்காந்தாரு. புரோகிராம்ல நாலுன்னு போட வேண்டிய இடத்துல அஞ்சுன்னு போட்டுட்டேன். கதவு செத்துப் போச்சு.”

“மேடையில அதைச் சொல்லாதீங்க ஊஷியோ-சான். ‘நன்றி, படம் அருமை’ன்னு ரெண்டு வார்த்தை, போதும்.”

“கேட்டா?”

“கேக்க மாட்டாங்க.”

“உனக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியும் குரோனுமா-சான்,” என்று அவர் சிரித்தார். “அந்தக் கடுதாசிங்கதானே?”

அதுதான். கல்லூரிக் காலத்தில் சிஸுரு இங்கே பகுதிநேர வேலைக்கு வந்தவள். கதவு திறக்கவில்லை என்று பிள்ளைகள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போடுவதுதான் அவள் வேலை. உண்மையைச் சொன்னால் கேசட்டைத் திருப்பி வாங்க வேண்டிவரும். ‘முயற்சியைக் கைவிடாதே. உண்மையான உழைப்புக்குக் கதவு நிச்சயம் திறக்கும்’ என்று எழுதச் சொன்னார் பெரிய முதலாளி. அழகான கையெழுத்தில், ஒரு குளிர்காலம் முழுக்க, அறுநூறு பிள்ளைகளுக்கு எழுதினாள். அவள் பிழைப்புக்காக எழுதிய முதல் விளம்பர வாசகம் அது.

சனிக்கிழமை மதியக் காட்சி. ஷின்ஜுகு தியேட்டரின் நூற்றெழுபது இருக்கைகளும் நிரம்பியிருந்தன. நரியைச் செய்தவர் மேடையேறுகிறார் என்ற விஷயம் எப்படியோ கசிந்திருக்கிறது. வழக்கமாக வரும் கண்ணாடி போட்ட பெண்மணிகளுக்கு நடுவே, இந்தத் தியேட்டரை வாழ்நாளில் மிதித்திராத நாற்பது வயது ஆண்கள். படத்தின் நடுவில் குறட்டை கேட்டது. விளக்கு எரிந்ததும் விழித்துக்கொண்டு அவர்கள்தான் பலமாகக் கை தட்டினார்கள்.

ஓத்தார் மேடையேறி, ஊஷியோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் சிஸுரு, மொழிபெயர்க்க.

“ஐயா, ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தக் கதவைத் திறக்காமலே விடணும்னு எப்படித் தோணுச்சு?”

சிஸுரு ஜப்பானியத்தில் கேட்டுவிட்டு ஊஷியோவைக் கெஞ்சலாகப் பார்த்தாள். அவர் மைக்கை வாங்கினார்.

“தோணலைங்க. அது தப்பு. நாலுக்குப் பதிலா அஞ்சு போட்டுட்டேன்.”

அரங்கம் முழுக்கப் புரிந்துவிட்டது. புரியாத ஒரே ஆள் ஓத்தார்தான். ஆவலோடு சிஸுருவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ‘மௌனமே சிறந்த கதவு’ என்று சொன்னால்கூட நம்புவார். இருபது வருடப் பழக்கத்தில் வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். கோட்டு, டை, முன்வழுக்கை.

“நான் நாலாங் கிளாஸ் படிக்கிறப்போ உங்க கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். உண்மையான உழைப்புக்குக் கதவு திறக்கும்னு பதில் வந்துச்சு. குளிர்கால லீவு பூரா உக்காந்தேன். என் உழைப்பு உண்மையில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். அதை எழுதின ஆளு இங்க இருக்காரா?”

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் ஊஷியோ எங்கேயும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று சிஸுருவுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“நான்தாங்க எழுதினேன்,” என்றாள். “கதவு கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். மன்னிச்சிடுங்க.” இடுப்பு மடியக் குனிந்தாள். கண்ணாடி நழுவி மேடையில் விழுந்தது.

“சரி, விடுங்க,” என்றார் அந்த மனிதர். “கதவுக்கு அந்தப் பக்கம் என்னதான் இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க.”

“ஒண்ணுமே இல்லைங்க,” என்றார் ஊஷியோ. “அஞ்சாம் மாடியை நான் கட்டவே இல்ல. நேரமில்ல.”

அரங்கம் ஒரு கணம் முனகியது. அப்புறம் யாரோ ஒருவர் தொடங்கிய சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கேட்டவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

“என்ன, என்ன சொல்றாங்க?” என்று ஓத்தார் அவள் தோளைத் தட்டினார். சிஸுரு எல்லாவற்றையும் சொன்னாள். நாலு, அஞ்சு, புத்தாண்டு விற்பனை, அறுநூறு கடிதம், கட்டாத மாடி. ஒன்றையும் விடவில்லை. படமும் போயிற்று, வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்.

ஓத்தாரின் கண்ணில் நீர் கோத்தது. ஊஷியோவை இறுகக் கட்டி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

“பார்த்தீங்களா? பெரிய கலைஞன் எவனும் ஒத்துக்க மாட்டான்!”

அவரை அதற்குமேல் யாராலும் திருத்த முடியவில்லை.

படம் பதினான்கு வாரம் ஓடியது. அதில் பதிமூன்று வாரம் உறங்குவதற்கென்றே வந்தவர்களால். தலைப்பைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான். விமர்சகர்கள் ‘தோல்வியின் அழகியல்’ என்று எழுதினார்கள். முதலாளி சிஸுருவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பதவி உயர்த்தினார். ‘உடோன் நரி’யைப் புது இயந்திரங்களுக்கு மறுபடி வெளியிடுவது என்று முடிவாயிற்று.

ஊஷியோ மகிழ்ந்து போனார். “இந்தத் தடவை கதவைச் சரி பண்ணிடறேன் முதலாளி. அஞ்சாம் மாடியும் கட்டிடலாம். முப்பது வருஷ உறுத்தல்.”

“யோவ், திறந்தா எவன்யா வாங்குவான்?” என்றார் முதலாளி.

ஆனால் புது இயந்திரத்தில் அந்தப் பழைய பிழை எடுபடவில்லை. ஏற்றிப் பார்த்த முதல் நாளே நரி கதவைத் தொட்டதும் அது ஈயென்று திறந்துகொண்டது. ஊஷியோ மூன்று வாரம் மல்லுக்கட்டினார். ஒன்றைப் பூட்டினால் இன்னொன்று வழியாகத் திறந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை. சிஸுரு பக்கத்தில் போய் நின்றாள். திரையில் நரி, கையில் கிண்ணம், கதவின் முன்னால் டக்கென்று நின்றது. ஊஷியோ எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

“மூடிருச்சு,” என்றார், குழந்தையைத் தூங்க வைத்தவர்போல மெதுவாக. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியாம பண்ணினப்போ ஒரு நிமிஷம்கூட ஆகலை, தெரியுமா?”

“வாங்க, சாப்பிடப் போலாம்,” என்றாள் சிஸுரு. “கறிச் சோறா, உடோனா?”

“உடோன் மட்டும் வேண்டாம்மா,” என்று அவர் கோட்டை எடுத்துக்கொண்டார்.