கால் வழுக்கும் வேகம்

அறுபத்தேழாம் வருடக் கோடையின் முதல் சனிக்கிழமை. அமெரிக்காவின் கரோலினா கடற்கரை நடனக்கூடத்தில் 'பாம்லிக்கோ பாய்ஸ்' இசைக்குழு வாசித்தது ஒரு சோதனைக்குத்தான். உரிமையாளர் மிஸ் மேக்சினுக்குப் பிடித்துவிட்டால் கோடை முழுக்க சனிக்கிழமைகள் அவர்களுடையவை. இல்லையென்றால் பாடகன் கிளிஃப்டன் அப்பாவின் உரக்கடைக்கும், டிரம்ஸ் வாசிக்கும் வெண்டல் புகையிலைக் கிடங்குக்கும் திரும்ப வேண்டியதுதான்.

இடைவேளையில் கிளிஃப்டன் தெம்பாக இருந்தான். அவர்களுடைய பாட்டு வானொலியில் ஓடத் தொடங்கியிருந்தது.

"அடுத்து நம்ம பாட்டு. ரெக்கார்டுல இருக்குற அதே வேகம்."

"அது ரேடியோவுக்காக முடுக்கின வேகம்டா," என்றான் வெண்டல். "ஆடுறவங்களுக்கு ஒத்துவராது."

"ஏன், இவங்களுக்கெல்லாம் கால்ல ஆணியா? அடிடா!"

வெண்டல் அடித்தான்.

இந்தக் கரையின் ஆட்டம் இடுப்புக்குக் கீழே நடப்பது. கையில் இருக்கும் பீர் சிந்தாது. கால் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஷூவின் தோல் அடி, மணல் படிந்த பலகையில் வழுக்கி நிற்க ஒரு சின்ன அவகாசம் வேண்டும். தாளம் வேகமாகி அந்த அவகாசத்தைத் தின்றுவிட்டால் ஆடுகிறவர் வழுக்க முடியாமல் ஓடத் தொடங்குவார். ஓடுவதற்கு யாரும் இங்கே வருவதில்லை.

முதலில் வயதான ஜோடிகள் நகர்ந்தார்கள். பிறகு கல்லூரிப் பிள்ளைகள். தரை காலியானது. இவர்களை நிறுத்திவிட்டு ரெக்கார்டு போட, மிஸ் மேக்சின் மூலையில் இருந்த ஜூக்பாக்ஸ் இசைப்பெட்டியை நோக்கி நடந்தாள்.

பாதியில் வேகத்தைக் குறைப்பது லேசல்ல. ஓடும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் பின்னால் வருபவை மோதுவதுபோல, ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நடுவில் ஒரு இடைவெளி வேண்டும். சாக்ஸஃபோன் தனியாக வாசிக்கும் இடம் முடிந்ததும் வெண்டல் கையை அப்படியே நிறுத்தினான்.

"செத்துட்டியாடா?" என்று கிளிஃப்டன் பல்லைக் கடித்தான்.

வெண்டல் அவனைப் பார்க்கவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஓடெல்லைப் பார்த்துத் தலையசைத்தான். ஓடெல் மெதுவான வேகத்தில் நாலு சுரம் வாசித்தான். டிரம்மின் விளிம்பில் குச்சியைத் தட்டி வெண்டல் அதோடு சேர்ந்துகொண்டான். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

கிளிஃப்டனுக்கு வேறு வழியில்லை, பாடினான். சொற்கள் நீண்டன. முதல் வரியில் மூச்சு முட்டியது. மூன்றாவது வரியில், எதிரே நிற்கும் ஒருத்தியிடம் மட்டும் சொல்வதுபோல் பாட்டு மாறியிருந்தது. ஒரு ஜோடி தரைக்குத் திரும்பியது. பிறகு ஒரு வரிசையே. பலகையில் ஷூக்கள் உரசும் சத்தம் வெண்டலுக்குக் கேட்டது.

மிஸ் மேக்சின் ஜூக்பாக்ஸைத் தொடாமல் மேடையருகே வந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் சொன்னாள்:

"ரேடியோவுல கேட்டப்ப இந்தப் பாட்டு எனக்குச் சுத்தமா பிடிக்கல."

"இப்ப எப்படி, மிஸ் மேக்சின்?" என்றான் கிளிஃப்டன்.

"செப்டம்பர் வரைக்கும் வாங்க. உங்க வேனை மட்டும் என் வாசல்ல நிறுத்தாதீங்கப்பா."

அவள் போனதும் கிளிஃப்டன் வெண்டலை முறைத்தான். அப்புறம் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தான்.

"எனக்கு மூச்சு பத்தலடா. நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் இதே வேகத்துல பழகணும். லேட்டா வந்த, கொன்னுடுவேன்."