டாக்டர் காப்பாற்றிய ஒரே ஆள்

எங்கள் மாடிவீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊசி பிடிக்கத் தெரியாது. ரத்தத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். ஆனால் முப்பத்தெட்டு வருடமாகச் சினிமாவில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவது அவர்தான். வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், ஒரு மூச்சு விடுவார், "எங்களால முடிஞ்சதையெல்லாம் பண்ணிட்டோம்" என்பார். அவ்வளவுதான் வேஷம். அதற்குள் தியேட்டரில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தியிருப்பார்கள்.

இருநூற்றுச் சொச்சம் படம். ஒருவரைக்கூட அவர் பிழைக்க வைத்ததில்லை. அப்படியும் தெருக்காரர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் நல்ல டாக்டரா ஒருத்தரைப் பாருங்க" என்பார். பெரிய மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பார் என்று மெச்சிக்கொண்டே இறங்கி வருவார்கள்.

போன வருடம் ஒரு நாள் அவர் மனைவி மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"விஷயம் தெரியுமாடி? இந்தப் படத்துல பேஷன்ட் பிழைச்சுடறாராம்!"

"யாரு பிழைக்க வைக்கிறா?"

"இவர்தான்டி! ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு 'பிழைச்சுட்டார்மா, பிழைச்சுட்டார்மா'ன்னு ஒரே ஜபம். சாகறதுக்குள்ள ஒருத்தரையாவது காப்பாத்திடணும்னு ஆசைப்பட்டுக்கிட்டே இருந்தார். பாவம் மனுஷன்."

புது டைரக்டர். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் ஜனங்கள் சாவை எதிர்பார்ப்பார்கள், அங்கே ஒரு திருப்பம் வைத்தால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர் கணக்கு. படப்பிடிப்பும் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில்தான். ஏழாம் வகுப்பை ஆபரேஷன் அறையாக மாற்றியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன என்னைப் பிடித்து நோயாளியின் சொந்தக்காரர்கள் கும்பலில் நிறுத்திவிட்டார்கள். நானாக வலியப் போய் நின்றேன் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னால் நம்பாதீர்கள்.

நோயாளியின் மனைவியாக நடித்த அம்மாவுக்குச் சினிமாவில் 'குடம்' என்று பட்டப்பெயர். கிளிசரின் இல்லாமலே குடம் குடமாக அழுவாராம்.

முதல் டேக். கதவு திறந்தது. டாக்டர் வந்தார், கண்ணாடியில் கை வைத்தார். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் குடம் "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று தரையில் விழுந்து புரள ஆரம்பித்துவிட்டார்.

"கட்! அம்மா, அவர் பிழைச்சுட்டார்மா!"

"தெரியும் தம்பி. இவர் கை கண்ணாடிக்குப் போனதும் எனக்குத் தானா வந்துடுது. இருபது படத்துல இவர் கையால தாலியறுத்திருக்கேன். பழக்கம் போகுமா?"

இரண்டாவது டேக்கில் கண்ணாடியையே பிடுங்கி வைத்துவிட்டார்கள். டாக்டர் வெறும் முகத்தோடு வந்தார். அந்த முகம் போதுமானதாக இருந்தது. கும்பலில் நின்ற நாங்கள் பத்துப் பேரும் ஒருசேரத் தலையைத் தொங்கப்போட்டோம். லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் 'ச்சு' கொட்டியது எனக்குக் கேட்டது.

மூன்றாவது டேக்கில் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

"சார், இது இன்னும் பயமா இருக்கு" என்றார் கேமராக்காரர். "ஏதோ சொத்து எழுதி வாங்கிட்டுக் கொன்ன மாதிரி இருக்கு."

ஒன்பது டேக் ஆயிற்று. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. சாயங்காலத்துக்குள் பெஞ்சுகளைத் திரும்பப் போட்டாக வேண்டும். டைரக்டர் வாட்சைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில், "சரி, ஆளைக் கொன்னுடலாம்" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "சார், எனக்கு இன்னும் பத்து நாள் சீன் இருக்கே!"

"ஃபோட்டோல வருவீங்கண்ணே, படுங்க."

டாக்டர் மெல்ல டைரக்டர் பக்கத்தில் போனார். "தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவை..."

"அடுத்த படத்துல கண்டிப்பா சார். இப்ப உங்க பழைய டயலாக்கையே போடுங்க. உங்களுக்குத்தான் தண்ணிபட்ட பாடாச்சே."

அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

பத்தாவது டேக். வந்தார், கழற்றினார், மூச்சு விட்டார். குடம் கதறத் தொடங்கினார். அந்தக் கதறலுக்கு நடுவே டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "பிழைச்சுட்டார்மா. போய்ப் பாருங்க."

"ஓகே! பிரமாதம்!"

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவர் பதறினார். "சார், டயலாக் வேற மாதிரி..."

"அழுகை எப்படி வந்திருக்கு பாத்தியா? டயலாக்கை டப்பிங்ல மாத்திக்கலாம், விடு."

டப்பிங்குக்கு அவர் போகவில்லை. கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை, டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாராம். போனை வைத்ததும் மனைவி, "எந்த டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். "நான்தான்" என்றாராம். கடைசியில் வேறு எவரோ வந்து அந்த வசனத்தைப் பேசினார்கள்.

படம் வந்ததும் டாக்டர், அவர் மனைவி, நான் என்று மூவருமாகத் தியேட்டருக்குப் போனோம். அந்தக் காட்சியில் குரல் ஒன்று, "எங்களால முடிஞ்சதையெல்லாம் பண்ணிட்டோம்" என்றது. உதடு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. தியேட்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்து இருட்டிலிருந்து, உதட்டசைவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்படி, டாக்டரின் சொந்தக் குரல் கேட்டது: "பிழைச்சுட்டார்மா. போய்ப் பாருங்க."

முன்சீட்டு ஆசாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் விசும்பலோடு சீறினார். "யோவ், அதான் டாக்டரே சொல்லிட்டாருல்ல, செத்துட்டாருன்னு! பேசாம உக்காருய்யா!"

டாக்டர் பேசாமல் உட்கார்ந்தார், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. இடைவேளையில் எங்கள் மூவருக்கும் காபி வாங்கித் தந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் காசில் நான் குடித்த முதல் காபி அது.