சனிக்கிழமை மகள்

சமூக சேவையைப் பள்ளிப் பாடத்தோடு சேர்த்ததிலிருந்து, சனிக்கிழமை வந்தாலே நபீஸாவுக்கு வயிறு எரிந்தது. நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் செய்யத்தான் வேண்டுமாம். மகள் றுக்ஷானாவுக்கு வாய்த்தது புளியந்தீவில் எறிக்காவின் வீடு. எறிக்காவுக்கும் நபீஸாவின் வயதுதான். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுக்கையில் கிடந்தாள். மற்ற நாட்களில் அவளுடைய தங்கச்சி பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை தங்கச்சிக்கு வெளியில் வேலை.

காத்தான்குடியிலிருந்து பஸ் ஏறிப் போகிற மகள் திரும்பி வந்தால் வாய் ஓயாது. எறிக்கா அன்ரி இப்படிச் சிரித்தா, எறிக்கா அன்ரி அப்படிச் சொன்னா. வீட்டில் ஒரு கோப்பை கழுவாத பிள்ளை, அங்கே அவளுக்குத் தலை வாரிப் பின்னியும் விடுகிறதாம்.

"எனக்கு ஒருநாள் சீப்பு எடுத்திருப்பியா நீ?"

"நீங்க படுக்கையில கிடக்கலியே உம்மா," என்று சிரித்துவிட்டுப் போனாள் றுக்ஷானா.

அடுத்த சனிக்கிழமை நபீஸா பாயைவிட்டு எழும்பவில்லை. "இடுப்புப் புடிச்சிட்டு புள்ள. அசைய ஏலா."

றுக்ஷானா பையை இறக்கி வைத்தாள். உம்மாவின் முழங்காலை மடக்கி, தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, நோகாமல் ஒரு பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். நபீஸாவுக்கு முதலில் இனித்தது. இந்தப் பக்குவம் எங்கே பழகியது என்று நினைத்ததும் கசந்தது.

மகள் ஃபோனில் பேசுவது கேட்டது. "அன்ரி, உம்மாக்கு ஏலா. இன்டைக்கு வர மாட்டன்."

"அவ என்ன சொன்னா?"

"உம்மாவப் பாரு எண்டா. ஆனா அவட முதுகில புண் வைக்கப் பார்க்குது. திருப்பி விட ஆளில்ல." றுக்ஷானாவின் கண் கலங்கியிருந்தது.

நபீஸா விறுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"இடுப்பு?"

"அது போயிட்டு. வா, போவம்."

மகள் அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தாள்.

"வந்துட்டியா என்ட பிள்ள!" வாசலில் றுக்ஷானாவைக் கண்டதும் படுக்கையில் கிடந்த எறிக்காவின் முகமெல்லாம் மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் நபீஸாவைக் கண்டாள். "றுக்ஷானாட உம்மாவா? நல்லா வளர்த்திருக்கீங்க."

அந்தப் புகழ் நபீஸாவின் காதில் ஏறவில்லை. 'என்ட பிள்ள' என்றதே நின்றது. றுக்ஷானா வெந்நீரில் துணியைப் பிழிந்து வந்ததும் நபீஸா எட்டிப் பறித்தாள்.

"நீ தள்ளு. முதுக நான் துடைக்கிறன்."

சிவந்து கன்றியிருந்த அந்த முதுகைக் கண்டதும் அவள் கை தானாக மெதுவாகியது. "சுடுதா?" என்று கேட்டாள்.

"இல்ல, சுகமா இருக்கு. அடுத்த கிழமையும் வருவீங்களா?"

"வராம?" என்றாள் நபீஸா. "என்ட புள்ளயத் தனிய விடவா?"